செவ்வரத்தம்பூச் சிவப்பு

யாழ்ப்பாணம் போகும் பஸ் கிளிநொச்சியைத் தாண்டியதும், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சைக்கிள் மணியின் மூடியொன்றை நீட்டினார். செவ்வரத்தம்பூச் சிவப்பு.

"என்ர மனுசி அலுமினியத்துக்குச் சாயம் தோய்ச்சவா."

"பெயின்ரோ?"

"இல்லை, சேலைச் சாயம். உழவு மெசின் பற்றறியில வயர் குடுத்து, அசிட் தண்ணிக்குள்ள ஊறவிட்டு, பிறகு சாயத்தில போட்டவா. கடைசியா வெறுந்தண்ணியில அவிச்சவா, அதுதான் விசயம்."

மற்றவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சிவப்பு அசையவில்லை.

"கெட்டிக்காரிதான். கடையில குடுத்திருக்கலாமே?"

"முதல் யாழ்ப்பாணத்தில குடுத்துத்தான் செய்விச்சனான். ஒரு மாரியில வெளிறிப்போச்சு. இப்ப அந்தக் கடைக்காரரே தனக்குச் சொல்லிக் குடுக்க அவாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

அவருக்கும் முன் இருக்கையில் இருந்த அவர் மனைவி திரும்பினார்.

"அவிச்சதையும் பஸ்ஸுக்கே சொல்லிப்போட்டியள். இனி நான் அங்க போய் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"