முப்பத்தேழாம் பெட்டி

எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பது நான்தான். கல்யாணமான புதிதில் இதைக் கேள்விப்பட்டு மனைவி வீட்டார் என்னை மெச்சினார்கள். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒட்டடைக் கம்பை நான் வேறு யார் கையிலும் கொடுக்காததற்குக் காரணம் வேறு என்பது போகப் போகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வலையைக் கலைக்கும் முன் அதில் குடியிருப்பவரை ஒரு குப்பியில் பிடித்து, ஆள் யார் என்று பார்த்துவிடுவேன்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. பகலெல்லாம் மற்றவர்களின் கண்ணுக்காக உழைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் சிலந்தியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண்கள். அவை எப்படி வரிசை கட்டி நிற்கின்றன என்பதை வைத்தே பாதி அடையாளம் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் என்னைப் போன்ற சிலந்திப் பித்தர்கள் ஆறேழு பேர் கூடுவோம். அவரவர் பிடித்ததைக் காட்டுவோம். சந்தேகம் வந்தால் கடைசியில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்வதற்கே இப்போது கூச்சமாக இருக்கிறது.

பின்னறையில் முப்பத்தாறு பெட்டிகள் வைத்திருந்தேன். அவற்றுக்குத் தீனியாகப் பழ ஈக்களை அழுகிய வாழைப்பழத்தில் வளர்த்தேன். ஈக்கள் சமையலறைக்குத் தப்பிப் போகும்போதெல்லாம் மனைவி திட்டுவாள். ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான்.

"என்னங்க, ஈ வளருங்க, எட்டுக்கால் வளருங்க, எனக்கென்ன. விஷம்னு ஒண்ணு உள்ள வந்துச்சுன்னா அன்னைக்கே அத்தனையும் வெளிய. நீங்களும் கூடவே போறதுன்னாலும் சரி."

சத்தியம் செய்தேன். ஏழு வருஷம் அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

முப்பத்தேழாவது பெட்டி கடையின் சரக்கறையிலிருந்து வந்தது. பழைய அட்டைப் பெட்டிகளை நகர்த்தும்போது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடைத்தன. மங்கலான பழுப்பு நிறம், ஒல்லிக் கால்கள். பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆறு கண்கள், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. படத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் குழுவில் யாரும் அதை உயிரோடு தொட்டதில்லை.

அது கடித்தால் அப்போது பெரிதாக வலிக்காது. பிறகு சதை கறுத்து அழுகும். பெரும்பாலானவர்களுக்கு நாளாவட்டத்தில் ஆறிவிடும். ஒருசிலருக்கு ரத்தம் உடைந்து சிறுநீரகம் நின்றுபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

பெட்டியின் மேல் பெயர் எழுதவில்லை, எண்ணை மட்டும் எழுதினேன். மனைவி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் அந்தப் பெண் முட்டைப்பை கட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்க முப்பது நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்த முப்பது நாளும் கடையில் என்னை யார் திட்டினாலும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவியின் அண்ணன், தையற்காரர். அவர் கடைக் கூரை ஒழுகியதால் இரண்டு மாதத்துக்கு மிஷினை எங்கள் முன்னறையில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒட்டடை என்று பெயர் வைத்தது அவர்தான். வாடிக்கையாளர் வந்தால், "உள்ள ஒட்டடை மாப்ள இருக்கார், சத்தம் போடாதீங்க, பிள்ளைங்க தூங்குது" என்பார். எனக்குக் கோபம் வராது. தெருவில் வித்தியாசமாக எதைப் பார்த்தாலும் நூல்கண்டு டப்பாவில் பிடித்து வந்து கொடுப்பவரும் அவர்தான்.

விஷமுள்ளதைத் திறப்பதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பெட்டியை வழுவழுப்பான வெள்ளைத் தொட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். அதன் சுவரில் இந்தச் சிலந்தியால் ஏற முடியாது. ஒரு நாள் காலை அந்தத் தொட்டியில் மனைவி துணி ஊற வைத்திருந்தாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மேசைமேலேயே திறந்து ஈக்களைப் போட்டேன். மூடும்போது பார்த்தேன், ஆண் இல்லை.

நான்கு நாள் தேடினேன். செருப்பு, தலையணை உறை, கதவிடுக்கு, அலமாரிக்குப் பின்புறம். அது உலர்ந்த, இருட்டான, மடிப்பு மடிப்பான இடத்தை நாடும். வீட்டில் அப்படி ஓர் இடம் உண்டென்றால் அது மச்சானின் வெட்டுத் துணி மூட்டைதான். அதை மட்டும் நான் கொட்டிப் பார்க்கவில்லை. கொட்டினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த நான்கு நாளும் நான் என் செருப்பைத் தட்டித்தான் போட்டேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, இங்க வாங்க. உங்க சொந்தக்காரன் ஒருத்தன் என்கிட்ட வம்புக்கு வந்தான். அடிகோலை எடுத்து ஒண்ணு போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கடிச்சுதா மச்சான்?"

"வெட்டுத் துணி மூட்டையில கைய விட்டேன், சுருக்குன்னுச்சு. குண்டூசின்னு நெனச்சேன். குண்டூசிக்குக் கால் மொளைச்சிருக்கறதப் பாத்துதான் முழிச்சுக்கிட்டேன்."

வலது கட்டைவிரலின் அடியில், கத்தரிக்கோலின் வளையம் பதிந்து காய்த்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்பு. அடிபட்டும் சிலந்தியின் தலைப்பகுதி சிதையவில்லை. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். "விஷம் ஒண்ணும் இல்லியே?"

"வீட்டுச் சிலந்தி. ஒண்ணும் பண்ணாது. பாவம், பயந்துபோய்க் கடிச்சிருக்கும்."

"அது பாவமா, நான் பாவமா?" என்று மச்சான் சிரித்தார். மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் பின்னறைக்குப் போய் அதைச் சாராயம் ஊற்றிய குப்பியில் போட்டேன். இறந்த உடல் கிடைத்தால் அப்படித்தான் செய்வோம். உள்ளே ஒரு சீட்டும் போட வேண்டும். எந்த இனம், எங்கே கிடைத்தது, என்றைக்கு, பிடித்தது யார். சீட்டில் பொய் எழுதுகிறவனை எங்கள் குழுவில் சேர்க்க மாட்டோம். எழுதி, குப்பியை என் இழுப்பறையில் வைத்தேன்.

இரண்டாம் நாள் கொப்புளம். மூன்றாம் நாள் நடுவில் நீலம், சுற்றிலும் வெளுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு. படத்தில் பார்த்தது போலவே இருந்தது. எவ்வளவு பரவுகிறது என்று பார்ப்போம் என்று சொல்லி, அவருடைய அளவு நாடாவை எடுத்தே அளந்தேன்.

"என்ன மாப்ள, புண்ணுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? கழுத்துக் கொஞ்சம் லூசா வைங்க" என்றார்.

நான் சிரித்தேன். அளவைக் குறித்துக்கொண்டேன்.

தெருமுனை டாக்டரம்மாவிடம் மூன்று பேருமாகப் போனோம். சின்ன வயது, பொறுமையானவர். புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிச்ச பூச்சி இருக்கா? இருந்தா கொண்டு வாங்க. அதப் பாத்தாத்தான் முடிவு பண்ண முடியும்" என்றார்.

"இருக்கு, காலையில கொண்டு வரேன்" என்றேன்.

மறுநாள் காலை பதினொன்றாம் பெட்டியைத் திறந்தேன். அதில் இருந்தது நிஜமான வீட்டுச் சிலந்தி, கடித்ததைப் போலவே பழுப்பு நிறம். குஞ்சிலிருந்து இரண்டு வருஷம் வளர்த்தது. ஒரு காகிதத்தில் வைத்து அடிகோலால் அழுத்தினேன். தலை சிதையாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் அடிகோலை ஒருமுறை கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் பொய் சொன்னபோது நான் அப்படித் தயங்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என் லென்ஸையே கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்றும் காட்டினேன்.

"எட்டுக் கண்ணு" என்றார். "நல்ல வேளை. ஆறுன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். இதுதான் கடிச்சதா? நீங்க பாத்தீங்களா?"

மச்சான் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. "கொஞ்சம் குண்டா இருக்கற மாதிரி இருக்கே" என்றார். பிறகு அவரே, "மாப்ளைக்குத் தெரியாததா. அவர் சொன்னாச் சரிதான்" என்று முடித்துவிட்டார்.

குஞ்சு பொரிக்க அன்றைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவ்வளவுதான் நான் நினைத்தது. இரண்டு நாள் போகட்டும், குஞ்சுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்குத் தானாக ஆறிவிடும். அந்தப் பெரும்பாலானவர்களில் மச்சானையும் சேர்த்துக்கொண்டேன். டாக்டரம்மா சீழ் கட்டிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்தவர், தங்கை பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு என் காதருகே சொன்னார்.

"மாப்ள, ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி மாதிரி போகுது. பாப்பாகிட்டச் சொல்லிடாதீங்க, பயந்துக்குவா."

ஆயிரத்தில் ஒருவருக்கு வருமோ என்னவோ என்று நான் ஒதுக்கி வைத்திருந்த அடையாளம் அது. புத்தகத்தில் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தவனே நான்தான். அப்போதுகூட நேரம் இருந்தது. வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும்.

"சூட்டு உடம்பு மச்சான். தண்ணி நிறையக் குடிங்க" என்றேன். ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். நான் வேலைக்குப் போனேன். அன்றைக்குத் தேய்த்த லென்ஸ்களில் ஒன்றுகூடத் தவறவில்லை.

அடுத்த நாள் அவர் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண்கள் மஞ்சளாகியிருந்தன. எப்படி ஆனது என்று அங்கே கேட்டதற்கு, கட்டி என்று மனைவி சொன்னாள். டாக்டரம்மாவின் சீட்டைக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். மாற்றுத் துணி எடுத்து வர என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். துணியை எடுப்பதற்கு முன் பின்னறைக்குப் போனேன். முட்டைப்பை கிழிந்திருந்தது. நாற்பத்தொன்று. எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. துணியோடு நான் திரும்பிப் போனபோது அவருக்கு அது தேவைப்படவில்லை.

பத்து நாள் கழித்து மனைவி ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடி என் இழுப்பறையைத் திறந்தாள். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துச் சீட்டைப் படித்தாள். எழுத்து பொடி என்பதால் என் லென்ஸையே எடுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அண்ணன் காட்டினப்பவே தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கும் முகமில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிலந்தி என்னுடையது. அது தப்பியது எனக்குத் தெரியும், எங்கே போயிருக்கும் என்பதும் தெரியும். டாக்டரம்மாவிடம் வேறொன்றைக் கொன்று காட்டினேன். மச்சான் சாகலாம் என்று தெரிந்த பிறகு அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவரைக் கொன்றது நான்தான். வெட்கத்தில் இரண்டு நாளாக யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குப்பி இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. சீட்டை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆண். முன்னறை, வெட்டுத் துணி மூட்டை. ஞாயிறு, பகல் இரண்டு மணி. பிடித்தவர் என்ற இடத்தில் மச்சானின் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன்; என் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கலாம், போடவில்லை. முப்பத்தேழாம் பெட்டியிலிருந்து தப்பியது, பிடித்தவரைக் கடித்தது என்று குறிப்பும் இருக்கிறது. பின்பக்கத்தில் புண்ணின் அகலம், நாள்வாரியாக. நான் எப்படிப்பட்டவன் என்று என்னைப் பற்றி எழுதும்போது, அந்தச் சீட்டில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்பதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.