ஒரே இலக்கக் கிறிஸ்டல்

– இஞ்சருங்கோ, உந்த விளையாட்டு வள்ளம் அசையேல்லை. நீங்கள் றிமோட் பெட்டியிலை எதை அமத்தினாலும் கட்டை மாதிரிக் கிடக்கு.

– பொறு பொறு, யோசப்பின். வள்ளத்துக்கை சின்னத் தகரக் கூட்டோடை ஒரு கிறிஸ்டல் இருக்கும். அதிலை என்ன இலக்கம்?

– பன்ரண்டு.

– என்ரை பெட்டியிலை பதினாலு. அதுதான் சங்கதி! கப்பல்லை வேலை செய்யேக்கை வெளிநாட்டிலை வாங்கினது, கடைக்காரன் ரண்டு சோடி தந்தவன். மாறிப் போட்டிட்டன். ரண்டிலையும் ஒரே இலக்கம் இருந்தால்தான் பெட்டி றேடியோவிலை சொல்லுறது வள்ளத்துக்குக் கேக்கும்.

– அப்ப நான் கூப்பிடேக்கை உங்களுக்குக் கேக்காததுக்கும் உதுதான் காரணமோ?

– பகிடியை விடு. இந்தா, பன்ரண்டு போட்டாச்சு. சுக்கானைப் பார்.

– என்ரை மாதாவே! திரும்புது!

– நீயும் ஒருக்கா அமத்திப் பார்.

– இடம்... வலம்... சொல்லுக் கேக்குதப்பா. ஆனால் குருநகர்ச் சனம் என்ன கதைக்குது தெரியுமே? கடலுக்குப் போகப் பயந்து சிமியோன் விளையாட்டு வள்ளம் விடுறானாம்.

– கதைக்கட்டும். உன்ரை அண்ணையை நேவி சுட்ட பிறகு, கடலிலை இறங்குறேல்லை எண்டு ஆர் என்னட்டைச் சத்தியம் வாங்கினது?

– நான்தான்.

– நான் இறங்கேல்லையே. உதுதான் இறங்குது. ஒரு முழ வள்ளத்தை நேவி காணவோ போறான்? தூண்டில் நூலைப் பின்னாலை கட்டு. ஆழத்திலை கொண்டுபோய் விட்டிட்டு, நாங்கள் கரையிலை இருந்து இழுப்பம்.

– கட்டியாச்சு. மெல்ல விடுங்கோ... போகுது, போகுது! பிள்ளையள் மீன்கறி கண்டு எவ்வளவு காலம்.

– காணும், உவ்வளவு தூரம் போதும். பெட்டியை நிப்பாட்டுறன், பற்றறி இறங்கிப்போடும். இனி மீன் கடிக்கட்டும்.

– ஏனப்பா திரும்பவும் ஓட விடுறியள்?

– நான் விடேல்லை.

– அந்தா, இடப்பக்கம் திரும்புது.

– பெட்டியை நிப்பாட்டி மணலிலை வைச்சிட்டன், பார்.

– அப்ப அலையாக்கும்.

– அலைக்கு மோட்டர் ஓடுமோ? இடம், வலம், இப்ப திரும்பவும் இடம். ஆரோ பாத்துப் பாத்து அமத்தினமாதிரி.

– நூலை இழுங்கோ! கெதியாய்!

– இழுக்கிறன், பொறு... வள்ளம் வந்திட்டுது. யோசப்பின், ரண்டு விளைமீன்! நல்ல உருப்படி!

– மீன் கிடக்கட்டும். முதல்லை அந்தக் கிறிஸ்டலைக் கழட்டுங்கோ.

– கழட்டிப்போட்டன். உதே பன்ரண்டாம் இலக்கம் கிட்டடியிலை வேறை ஆரிட்டையோ இருக்கு.

– ஆரிட்டை? ஆமிக் காம்பிலையோ? இயக்கப் பெடியளிட்டையோ? விளையாட்டு வள்ளம் விட உங்களைத் தவிர இஞ்சை ஆர் இருக்கினம்?

– வேறை வேலையளுக்கும் உதைப் பாவிக்கலாம். தூரத்திலை நிண்டு ஒண்டை வெடிக்க வைக்கிறதெண்டாலும்...

– இஞ்சருங்கோ... அவை அங்கை அமத்த எங்கடை வள்ளம் திரும்பினதெண்டால், நாங்கள் இஞ்சை அமத்தேக்கை அங்கை என்ன நடந்திருக்கும்?