மீட்டர்ல வெளிச்சம் பத்தல

இருங்க தம்பி, மூச்சு வாங்குது. வீட்டுலேர்ந்து தள்ளிக்கிட்டேதான் வந்தேன். பின்ன, எனக்கு ஓட்டத் தெரியுமா என்ன? முக்கு திரும்பறப்போ ஒரு பக்கமா சாஞ்சிருச்சு, எதிர்ல வந்த ஒரு புண்ணியவான் புடிச்சு நிமித்திக் குடுத்தாரு. வண்டியா இது, யானைக்குட்டி. தண்ணியெல்லாம் வேணாம், வேணாம்... சரி, குடுங்க.

ஐயோ, அந்த ஸ்க்ரூ டிரைவர கீழ வைங்க மொதல்ல. நீங்க செஞ்ச வேலைல ஒரு குத்தமும் இல்ல. லைட்டெல்லாம் ஜம்முனு எரியுது. நான் வந்தது வேற விஷயமா. இந்த வண்டி இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா, மீட்டருக்கு உள்ள இருக்கற போர்டு போயிருச்சு, புதுசு வரணும், எப்ப வரும்னு தெரியாதுன்னு சொல்லிருங்க. திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. அதுக்குள்ள வண்டி அவரு கைல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தம்பி, நான் கிளம்பறேன்.

இல்ல இல்ல, வயர் கருகிருச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. வயசு பூரா தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டின மனுஷன். மோந்து பாத்தே பொய்னு கண்டுபுடிச்சிருவாரு. போர்டு கீர்டுன்னு சொன்னா அது அவருக்கு எட்டாத சமாச்சாரம், பேசாம போயிருவாரு. இப்பவா? சாப்பிட்டுட்டுத் தூங்கறாரு. முழிச்சாருன்னா, மீட்டர் மினுக்கு மினுக்குன்னுச்சு, அதான் தம்பிகிட்ட விட்டுட்டு வந்தேன்னு சொல்லிக்குவேன்.

ஏன்னு கேட்டா எப்படி... விடமாட்டீங்க போலிருக்கே. சரி, அந்த ஸ்டூல இப்படிப் போடுங்க.

மொதல்ல சிவப்பு லைட்டு போட்டீங்க, ஞாபகம் இருக்கா? ராத்திரில கண்ணு கூசாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. வீட்டுக்கு வந்து வாசல்லயே உக்காந்து உத்து உத்துப் பாத்துட்டு, மங்கலா இருக்குன்னாரு. அப்புறம் வெள்ளை. அப்புறம் முள்ளுக்கு அந்தப் பளபளா மஞ்சப் பெயின்டு. நம்பரெல்லாம் பெருசு பெருசா ஸ்டிக்கரு. சுத்தி நீல வளையம். இப்ப கடைசியா இந்தப் பச்சை. தெருவுல போறவன் வர்றவன்லாம், என்ன அண்ணே, வண்டியா விமானமான்னு கேலி. நானும் வாய் சும்மா இருக்காம, வயசான காலத்துல வண்டிக்கு என்ன சிங்காரம் வேண்டிக் கிடக்குன்னு திட்டித் தீத்தேன். நீங்களும் சரியான இம்சை புடிச்ச ஆளுன்னு மனசுக்குள்ள நெனச்சிருப்பீங்க. பரவால்ல, நெனச்சா என்ன, நானே நெனச்சேன்.

எங்க வீட்டுல எல்லாத்துக்கும் பொருள் மேலதான் பழி, தம்பி. நான் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கறவ. தைக்கறவதான், ஆனா ஊசில நூல் கோக்க எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருதான் கோத்துக் குடுப்பாரு, அத்தன மெல்லிசான வேலைக்குப் பழகின கை. ஒரு நாளு ரொம்ப நேரம் மல்லுக்கட்டிட்டு, நூல் பிசிறு பிசிறா இருக்கு, பாத்து வாங்க மாட்டியான்னு வெச்சிட்டுப் போயிட்டாரு. வாசப்படி தடுக்குச்சுன்னா கட்டின கொத்தனாருக்குத் திட்டு. டம்ளர் கீழ விழுந்தா ஓரமா வெச்சேன்னு எனக்குத் திட்டு. நானும் ஒரு மரமண்டை. நூல மாத்தினேன், டம்ளர நடுவுல தள்ளி வெச்சேன்.

அதுல ஒரு கூத்து கேளுங்க. முன்னெல்லாம் வண்டில பின்னாடி உக்காந்தா நான் வாயத் தொறக்கக் கூடாது. பள்ளம்னு சொன்னா, ஓட்டறது நானா நீயான்னு எரிஞ்சு விழுவாரு. திடீர்னு பாத்தா, எங்க கிளம்பினாலும், நீயும் வாயேன், சும்மா ஒரு துணைக்குன்னு கூப்பிடறாரு. ரிப்பேருக்குப் போற வீட்டுக்குக் கூட. போற வழில, என்ன வருது, யாரு வர்றா, ஏதாவது பேசிக்கிட்டே வான்னு சொல்றாரு. எனக்குத் தலைகால் புரியல. பேரன் பேத்தி எடுக்கற வயசுல மனுஷனுக்குப் பாசம் பொங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். சொல்ல வெக்கமா இருக்கு, பீரோவுல கெடந்த நல்ல சேலையெல்லாம் எடுத்துக் கட்டினேன். தையலத் தள்ளிப் போட்டுட்டு வாசல்ல ரெடியா நிப்பேன். அங்க பாருங்க ஒரு மாடி வீடு, இங்க பாருங்க பள்ளம், அந்தம்மா குறுக்க வர்றாங்கன்னு வழி பூரா வாய் ஓயாம பேசுவேன். அவரும் ம், ம்னு கேட்டுக்கிட்டே ஓட்டுவாரு. அவ்வளவு சந்தோஷமா நான் எப்பவுமே இருந்ததில்ல தம்பி.

அப்புறம் ஒரு நாளு என்னவோ கோவம், சம்பாத்தியச் சண்டையா, என்னன்னே மறந்துபோச்சு. உர்ருன்னு உக்காந்து வந்தேன். நல்ல வெளிச்சம் இருக்கறப்பவேதான். ஒரு சைக்கிள்காரரு பக்கத்து சந்துலேர்ந்து வர்றாரு, எனக்குத் தெரியுது. இவரு நிறுத்துவாருன்னு பாக்கறேன். நிறுத்தல. அந்த ஆளே சைக்கிளோட சுவத்துல போயி சாஞ்சுக்கிட்டாரு, நூலிழைல தப்பிச்சாரு. இவரு வண்டிய நிறுத்திட்டுத் திரும்பி, ஏண்டி சொல்லலன்னு கேட்டாரு.

ஏண்டி சொல்லல. அந்த ஒரு வார்த்தைல எல்லாம் புரிஞ்சுபோச்சு. துணைக்குக் கூப்பிடல, கண்ணுக்குக் கூப்பிட்டிருக்காரு.

டாக்டர்கிட்ட கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். கண்ணுக்குப் பின்னாடி நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம். ஓரத்துலேர்ந்து மறையுமாம். போனது போனதுதான், மிச்சத்தக் காப்பாத்த முடியுதான்னு பாக்கலாம்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. வண்டிய இனிமே தொடக் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க. வெளிய வந்து இவரு சொல்றாரு, டாக்டருக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், மீட்டர்ல வெளிச்சம் பத்தல, அதான் விஷயம்னு. நேரா உங்க கடைக்குத்தான் வந்தாரு. அந்த நீல வளையம் போட்டது அன்னைக்குத்தான்.

அட, நீங்க ஏன் தம்பி தலையக் குனியறீங்க? அவரு கேட்டாரு, நீங்க போட்டீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? கூடவே குடும்பம் நடத்தினவளுக்கே தெரியல.

சொல்லிப் பாக்காமலா இருப்பேன்? பொண்ணும் போன்ல அழுதா, வித்துருங்கப்பான்னா. அன்னைக்கு அவரு சாப்பிடல. சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டு, வண்டியும் போச்சுன்னா அப்புறம் நான் எதுக்குடின்னு கேட்டாரு. அதுலேர்ந்து நானும் வாயத் தொறக்கறதில்ல. லைட்டு சரியாகட்டும், அப்புறம் ஓட்டறேன்னு அவரா வீட்டுல உக்காந்திருந்தாரு. நானும் சரின்னு விட்டுட்டேன், இந்த லைட்டு சரியாகவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு. நான் புடுங்கினதா இருக்கக் கூடாது தம்பி. கண்ணு போயி நின்னதாவும் இருக்கக் கூடாது. ஒரு சாமான் வரல, அதனால ஓட்டல. எப்பவும் போல பொருள் மேலயே பழி இருந்துட்டுப் போகட்டும்.

அதான், இப்ப பச்சை போட்டதும் புடிச்சிருச்சே, அதுதான் வினையாப் போச்சு. உங்களப் புகழ்ந்து தள்ளிட்டாரு. நேத்து சாயங்காலம் வாசல்ல வண்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு, புது லைட்டப் பாக்கணும், சாவியக் கொண்டான்னாரு. கொத்து பூரா சாவி, பீரோ சாவி, பூட்டு சாவி, எதுக்குன்னே தெரியாத சாவி. பக்கத்துல நின்னு கலகலன்னு தேடிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள அவரு மீட்டர் மேல குனிஞ்சு, ஆஹா, இதுல்ல வெளிச்சம், முள்ளு எப்படித் தெரியுது பாரு, பையன் கெட்டிக்காரன், திங்கக்கிழமை வேலைக்குக் கிளம்பிர வேண்டியதுதான்னாரு.

சாவி என் கைலதான் தம்பி இருந்துச்சு.

ஆமாங்க, பளிச்சுன்னு இருக்குங்கன்னு சொன்னேன். அப்புறமா மெதுவா சாவியப் போட்டுத் திருப்பினேன். நீங்க போட்ட பச்சை எரிஞ்சுது, நல்லாத்தான் எரிஞ்சுது, அவரு மூஞ்சி பூரா அடிச்சுது. அவரு அப்படியே சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

இந்தாங்க, கொத்துலேர்ந்து கழட்டிட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும்.