மாமியின் அழைப்பைத் துண்டித்தது குறித்து

என் பெயர் முனவ்வரா, வயது 34, கணவர் பெயர் ஜுஹைர், கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறேன், சொந்த ஊர் மேலப்பாளையம். ஐ.டி. வேலை பார்க்கிறேன், ஆங்கிலம் நன்றாக வரும். இன்று வரவில்லை. ஆகவே ஷெரிஃப் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் விஷாகா மூலம் தமிழில் சொல்கிறேன்.

சென்ற ஞாயிறு காலை நானும் ஜுஹைரும் டாஹோ பக்கம் மலைப்பனியில் நடக்கப் போனோம். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தது அவருக்குத் தெரியும். வழியில் பனியில் குழி தோண்டிக் காட்டினார். "அடியில பழைய பனி ரவை மாதிரி உதிரியா கெடக்கு பாரு. மேல புதுப் பனி கனமா உக்காந்திருக்கு. வெட்டவெளியில கால் வச்சா மொத்தமா வழுக்கிரும், மரத்துக்குள்ளயே நடப்போம்" என்றார். அதன் பிறகு இருவர் மார்பிலும் கட்டியிருந்த பீக்கன் கருவிகளைச் சரிபார்த்தார். புதைந்தவரின் பீக்கன் அனுப்பும் சிக்னலை மற்றவரின் பீக்கன் பிடித்து, எத்தனை மீட்டர் என்று காட்டும். "தேடும்போது போன் பக்கத்துல இருக்கக் கூடாது, நம்பர் குழம்பும்" என்றும் சொன்னார். நான் சரி சரி என்றேன்.

அதன் பிறகு ஊரிலிருந்து மாமி, அதாவது ஜுஹைரின் தாயார், வீடியோ காலில் வந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. போனை நான் பிடித்திருந்தேன். "மரமாத்தான் தெரியுது. மலையைக் காட்டு வாப்பா" என்றார். ஜுஹைர் சிரித்துக்கொண்டே மரங்களை விட்டுச் சரிவில் சில அடி போய்க் கையை நீட்டிக் காட்டினார். அவருக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. அதன் பிறகு அவர் அங்கே இல்லை.

இதைக் கேட்டு எழுதும் ஆபீசர் "புதைந்த நபர்" என்று எழுதினார். பெயரை எழுதச் சொன்னேன்.

பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு கீழே ஓடினேன். "எம்புள்ள எங்க? போனை வச்சிராத, முனவ்வரா" என்று மாமி கதறினார். சலாம் சொல்லாமல் மாமியின் போனை நான் ஒருநாளும் வைத்ததில்லை. அப்படியே ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு தேடினேன். பீக்கன் பன்னிரண்டு என்றது, முப்பது என்றது, மறுபடி பதினைந்து என்றது. பைத்தியக்காரி போல அங்குமிங்கும் ஓடினேன். அதன் பிறகே போனைப் பற்றி ஜுஹைர் சொன்னது நினைவுக்கு வந்தது. மாமி அழுதுகொண்டிருக்கும்போதே போனை அணைத்துத் தூரப் போட்டேன். அதன் பிறகு எண் ஒழுங்காகக் குறைந்தது. தோண்டினேன். முகத்தில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. தூரப் போட்ட போனை ஓடி எடுத்து வந்து 911-ஐக் கூப்பிட்டுவிட்டு, மீட்புக் குழு வரும்வரை வாயில் ஊதிக்கொண்டே இருந்தேன். அவருக்கு உயிர் திரும்பவில்லை.

மாமி என்னிடம் பேச மறுக்கிறார். "எம்புள்ள பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட விடாம போனை வச்சிட்டா" என்று எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லட்டும். இதன் நகல் குடும்பத்துக்குப் போகும் என்றார்கள். மாமி மலையைக் காட்டச் சொன்னதும், அவருடைய அழைப்பு பீக்கனைக் குழப்பியதும் அந்த நகலில் வேண்டாம். மருமகள் பயத்தில் போனை வைத்துவிட்டாள் என்று எழுதுங்கள். என்மேல் கோபம் இருக்கும்வரை மாமி எழுந்து நடமாடுவார்.

விஷாகா படித்துக் காட்டக் கேட்டேன். நான் கேட்டுக்கொள்ளும் அந்த ஒரு பொய்யைத் தவிர, இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
முனவ்வரா ஜுஹைர்