ஐரிஷ் கிளப்பின் புதுத் தலைவர்

சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் ரயில் ஏறிய இருவர் என் எதிர் இருக்கைகளில் அமர்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். ரயில் கிளம்பியதும் ஒருவர், "குமார், என்னை ஐரிஷ்காரரின்ரை கிளப்புக்குத் தலைவராக்கிப் போட்டாங்கள்," என்றார்.

"உன்னையோ? ஏன், அங்க ஐரிஷ்காரர் இல்லையோ?"

"இருக்கினம். நான் அவங்கடை பப்பில குசினியில சமையல் வேலை செய்யேக்க, பின்னேரத்தில பக்கத்துப் பார்க்கில தங்கடை ஊர் ஃபுட்போல் விளையாடுவாங்கள். அதில கையாலையும் பந்தைப் பிடிக்கலாம். ஒருநாள் ஆள் காணாதெண்டு என்னைக் கூப்பிட்டாங்கள். ஏப்ரனோடை ஓடினன்."

"உனக்கு விளையாடத் தெரியுமோ?"

"எங்க! முதல் பந்தை எங்கடை கோலுக்குள்ளேயே அடிச்சன். அதுக்கும் கட்டிப்பிடிச்சாங்கள். அப்பிடித்தான் கிளப் தொடங்கினது."

"பிறகு?"

"ஒவ்வொருத்தரா அயர்லாந்துக்குத் திரும்பிப் போயிட்டாங்கள். புது ஆக்கள் வருவாங்கள், அவங்களும் போவாங்கள். தொடங்கின ஆக்களில மிச்சம் நானும் பாட்ரிக்கும்தான். இப்ப அவனும் தாயைப் பாக்கவெண்டு ஊரோடை போறான். நேற்றுக் கூட்டத்தில என்ரை பேரைச் சொன்னான். நான் ஐரிஷ் இல்லையே எண்டன்."

"அதுக்கு அவன்?"

"'நாங்கள் எல்லாரும் ஒருநாள் போயிடுவம். வாறவனைக் கூப்பிட இங்க நிக்கிற ஒருத்தன் வேணும்' எண்டான்."

குமார் "ஓம் எண்டிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம். நாளைக்கு டப்ளினில இருந்து ஒருத்தன் வாறான். எயார்போர்ட்டுக்கு நான்தான் போறன்."

"நாங்கள் வந்திறங்கின அண்டைக்கு எங்களைக் கூப்பிட ஆரடா வந்தது!"

"அதுதான் போறன்," என்றார் அவர்.