ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம்

சிவப்புப் பேனையால் திருத்தினால் பிள்ளைகளின் மனம் நொந்துபோகும் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித் தருகிறார்கள். நான் அதை நம்புவதில்லை, ஐயா. பத்தொன்பது வருடமாகச் சிவப்பில்தான் திருத்துகிறேன். ஒரு பிள்ளையும் எழுத்தை விட்டுவிட்டு ஓடியதில்லை. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைப்பீர்களா? உங்கள் மேசையில் தாள்கள் எழும்பி எழும்பி விழுகின்றன. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

பெயர் கமலாசனி. மாங்குளத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து நூலகத்தின் நூலகர். நான் பொறுப்பெடுத்தபோது அங்கே இரண்டு அலுமாரிகளும் கறையான் தின்ற சஞ்சிகைகளும்தான் இருந்தன. பதினாறு வயதுப் பிள்ளைக்கு நரிக்கதையும் சரிவராது, பெரியவர்களின் குடும்ப நாவலும் சரிவராது. ஆனால் தன் வயதுப் பிள்ளை ஒன்று எழுதியது என்றால் சாப்பாட்டை மறந்து வாசிக்கும். இதைக் கண்டுபிடித்தது நான்தான். சனிக்கிழமைகளில் வாசகர் வட்டம் தொடங்கினேன். ஒவ்வொரு ஒக்ரோபரிலும், வாசிப்பு மாதத்தில், எங்கள் பிள்ளை ஒருவரின் நாவலை அச்சிட்டு விழா எடுத்தோம். இதுவரை ஆறு இளம் எழுத்தாளர்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். காணாததை எழுதாதே. தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்டு எழுது.

ஏழாவது எழுத்தாளர் பிரேமிளா. வயது பதினேழு. தகப்பன் வீரையாவின் குடும்பம் எழுபதுகளில் மலையகத்திலிருந்து வந்தது. என் அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த மூன்று ஏக்கர் வயல் இப்போது என்னுடையது. அதில் வேலை செய்தவர் வீரையா. நல்ல மனிதர், சொன்ன வேலையைத் திருப்பிச் சொல்ல வைக்கமாட்டார்.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் அவர் வாய்க்காலில் கிடந்தார். தண்ணீரில் மூழ்கி இறந்ததாக வைத்தியர் எழுதினார். அது சரியான முடிவு. இன்றைக்கும் அதை நான் மறுக்கவில்லை. மரண விசாரணையில் என்னிடம் கேட்டபோது, அவர் கொஞ்சம் குடிப்பவர் என்று சொன்னேன். அதனால் விசாரணை அன்றைக்கே முடிந்தது. ஊரும் நம்பிவிட்டது. பிரேமிளாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு நூலகத்துக்கு வந்தாள்.

"அப்பா குடிக்கிறேல்ல, மிஸ். ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. ஆர் இப்பிடிச் சொன்னது?"

"சொல்லிக்கொண்டு திரிஞ்சா ஆர் கேக்கப்போகினம்? எழுது, பிள்ளை. எழுதினா வாசிப்பினம்," என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை எழுதவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்பினேன்.

ஆறு மாதத்தில் நான்கு கொப்பிகள் எழுதி முடித்தாள். பெயர்களை மாற்றி, ஊரை மாற்றி, ஒரு நாவல். எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் தகப்பன் விடியப்புறம் மடை திருப்ப வயலுக்கு வருகிறார். வரம்பில் பன்றிக்குக் கட்டிய மின்கம்பியில் கால் படுகிறது. சாகிறார். யாரோ இழுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் போடுகிறார்கள். பிரேதத்தைக் குளிப்பாட்டியபோது வலது பாதத்தில் குறுக்காக ஒரு கறுத்த கோடு இருந்ததை அவள் கண்டிருக்கிறாள். அந்த ஒரு கோட்டிலிருந்து முழுவதையும் கட்டியெழுப்பிவிட்டாள். திறமையான பிள்ளை என்று உங்களுக்கே விளங்கும்.

கம்பி என்னுடையது. அதை நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தவுடனேயே சொல்லிவிட்டேன். கதிர் முற்றும் காலத்தில் பன்றி ஒரு முறை இறங்கினால் அரை ஏக்கர் போய்விடும். வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்து வரம்பில் கட்டியிருந்தேன். சட்டப்படி பிழை என்று தெரியும். விடிய ஆறு மணிக்கு நிறுத்திவிடுவேன். வீரையாவிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஆறரைக்கு முதல் வயலில் இறங்கவேண்டாம் என்று.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து இளையோர் நூல்கள் எட்டுப் பெட்டி லொறியில் வருவதாக இருந்தது. மூன்று வருடமாகக் கடிதம் எழுதிக் கிடைத்த பெட்டிகள். அவற்றை இறக்குவதற்கு எட்டு மணிக்கு வாருங்கோ என்று வீரையாவைக் கேட்டவளும் நான்தான். வயல் வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று அவர் வெள்ளென வந்துவிட்டார். நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனபோது வரம்பில் கிடந்தார். அங்கிருந்து வாய்க்கால் ஒன்பது அடி. மெலிந்த மனிதர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கம்பி வெளியே தெரிந்தால் எனக்கு வேலை போகும். என்னுடைய இடத்துக்கு ஆள் போடமாட்டார்கள், நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். பெட்டிகள் வந்த வழியே போகும். நாற்பது பிள்ளைகள், ஐயா. எனக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. எட்டு மணிக்கு நூலகத்தைத் திறந்தேன். பெட்டிகளை நானே இறக்கினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க ஏலாமல் போய்விட்டது, அதுதான் கரைச்சல். அலுமாரிகளை நான்கு தடவை மாற்றி அடுக்கிவிட்டேன். கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும். இப்போதும் பாருங்கள், உங்கள் கோப்புகளை நேராக்கி வைத்துவிட்டேன். கோபிக்கவேண்டாம்.

ஒன்பதாம் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கவில்லை. கதை ஓட்டத்துக்கு அது இடைஞ்சல் என்று பிரேமிளாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரி, மிஸ்," என்றாள். ஆனால் நீக்குவதற்கு முன்னால் அதைத் திருத்தியிருந்தேன். திருத்தாமல் ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கம்பியில் கால் பட்டவுடன் தகப்பன் 'அம்மா' என்று அலறியதாகவும், அது குளக்கட்டு வரை கேட்டதாகவும் எழுதியிருந்தாள். நாடகத்தில் வருகிற மாதிரி. வாசிக்க எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வரியை வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதினேன். 'அலறவில்லை. மெல்லத் தண்ணீர் கேட்டார்.'

எழுதும்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பிழையான வரியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கொப்பியையும் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் பிரதி எழுதியவருக்குச் சொந்தம்.

விழா நேற்று, சனிக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. கதிரை போதாமல் பிள்ளைகள் யன்னலில் ஏறி இருந்தார்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, வெளியீட்டுரை. முதற்பிரதியைப் பிரேமிளாவின் தாய் வீரம்மா வாங்கினார். ஆய்வுரை செய்தவர் அரை மணித்தியாலம் என்று சொல்லி ஒரு மணித்தியாலம் எடுத்தார். பிறகு பிரேமிளாவின் ஏற்புரை, அதன் பின் என்னுடைய நன்றியுரை. எங்கள் விழாக்களில் ஏற்புரையில் ஒருவரும் குறுக்கிடமாட்டார்கள். எழுதியவரின் நேரம் அது. நானே அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. கொப்பியை எடுத்தாள். ஒன்பதாம் அத்தியாயத்தை முழுவதும் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா அலறினார் எண்டு நான்தான் எழுதினனான். நான் காணேல்ல, அது என்ர பிழை. மிஸ் அதை வெட்டிப்போட்டு, தண்ணி கேட்டவர் எண்டு எழுதியிருக்கிறா. காணாததை எழுதக்கூடாது எண்டு சொல்லித் தந்தது மிஸ்தான். அப்ப, மிஸ், நீங்கள் கண்டனீங்களோ?"

கேட்டுவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தாள். அடுத்தது நான். எழும்பிப் போய் நன்றியுரையை முழுவதும் வாசித்தேன். அச்சகத்தார், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் போட்ட அம்மாமார், ஒரு பெயரும் விடுபடவில்லை. கைதட்டல் இல்லை. கீழே இறங்கியபோது வீரம்மா எதிரே வந்து நின்றார். முதற்பிரதியை என் கையில் திருப்பி வைத்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்கம்மா. நீங்களே சொல்லுங்க. அவரு தண்ணி கேட்டாரா? குடுத்தீங்களா?"

அங்கே அத்தனை பேருக்கு நடுவில் நான் பதில் சொல்லவில்லை. விழா குழம்பிவிடும். அதனால்தான் இன்று நானாகவே உங்களிடம் வந்தேன். நூலகத் திறப்புக் கொத்து என் கைப்பையில் இருக்கிறது, யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை பிள்ளைகள் வெளியில் காத்து நிற்கக்கூடாது. வீரம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். சுருக்காமல், நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஓம், தண்ணீர் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். தண்ணீர் இருந்த இடத்துக்குத்தான் நான் அவரைக் கொண்டுபோனேன்.