ராஜஸ்ரீ பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்

என் பெயர் பூங்காவனம், வயது 52, காலஞ்சென்ற தங்கராஜின் மனைவி. புனே, போபோடியில் குடியிருக்கிறேன். வாகட்டில் மூன்று ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். மராத்தி பேச வரும், எழுத வராது. நான் தமிழில் சொல்வதைப் பக்கத்து வீட்டு பாஸ்கர் எழுதுகிறார். ஜூலை 13 அன்று இறந்த ராஜஸ்ரீ என் மகள். அன்று ஆஸ்பத்திரியில் நான் போலீசாரிடம் சொன்னது பொய். அதை மாற்றிச் சொல்ல ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நான் வேலை செய்யும் வீடுகளில் பெண்கள் எல்லோரிடமும் லைசன்ஸ் இருக்கிறது. எங்கள் சந்தில் பதினோரு வண்டிகள் ஓடுகின்றன, லைசன்ஸ் என் மகள் ஒருத்தியிடம்தான் இருந்தது. பாணேரில் பல் டாக்டரிடம் வேலைக்குப் போய்வர, முறைப்படி டெஸ்ட் கொடுத்து வாங்கினாள். மருமகன் ஜெகதீசன் பதினாலு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறார், லைசன்ஸ் எடுக்கவே இல்லை. சாயங்காலம் அவரை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிக்கொண்டு மகள்தான் ஸ்கூட்டி ஓட்டி வருவாள். "இன்னா ஜெகதீசா, டிரைவர் வெச்சிகினியா" என்று சந்துக்காரர்கள் கேட்பார்கள். அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிட மாட்டார். அதனால் நான்தான் மகளிடம், "மெயின் ரோட்லயே எறங்கி வண்டிய அவருகிட்ட குடுத்துடுடி, நாலு பேரு பாக்கறாங்கோ" என்றேன். "லைசன்ஸ் என்கிட்ட, மானம் மட்டும் அவருகிட்டயா?" என்று கேட்டாள். ஆனாலும் மறுநாளிலிருந்து அப்படியே செய்தாள்.

சம்பவத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மெயின் ரோட்டு மெடிக்கல் கடை எதிரில் மேத்திக் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். தூறல் இருந்தது. ஸ்கூட்டி வந்து நின்றது. மகள் இறங்கி என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தாள், அதன் பிறகு பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். மருமகன் வண்டியை எடுத்தார். முப்பது அடி போவதற்குள் ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது, அவர் பிரேக் பிடித்தார், வண்டி வழுக்கியது. மகளின் தலை டிவைடர் கல்லில் பட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கும்போதும் மேத்திக் கட்டு என் கையில் இருந்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் மருமகன், "அத்தே, எனக்கு லைசன்ஸ் இல்ல, உள்ள போட்டுடுவாங்கோ. அவதான் ஓட்னான்னு சொல்லு. போனவளுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது" என்றார். நானும் அப்படியே சொன்னேன். என் மகள் கவனமில்லாமல் ஓட்டி இறந்தாள் என்று எழுதினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர், "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்டிதான்" என்றார். மருமகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஆறு மணிக்கு மெடிக்கல் கடை பக்கம் எந்த ஸ்கூட்டி வேகம் குறைத்தாலும் என் கால் நகருவதில்லை. வண்டி போன பிறகும் அவள் இறங்கி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இதனால் மருமகன் மேல் வழக்கு வரும், பொய் சொன்னதற்காக என் மேலும் வரலாம் என்று இங்கே போலீஸ் ஐயா சொன்னார். தெரிந்தேதான் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்ததுதான். வண்டி ஓட்டியவர் என்ற இடத்தில் என் மகள் பெயரை அடித்துவிட வேண்டும்.

(ஒப்பம்) பூங்காவனம்